விடிந்தால் வியாழன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் எபினேசர் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தார். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள், யாருக்கு எந்த ஷிப்ட், எந்த பஸ் என்பதெல்லாம் அவர் கையில். எளாவூருக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டிய மனிதரின் மகன். அப்பாவுக்கு நேரம் என்றால் வெயில் ஏறுவதும் இறங்குவதும். மகனுக்கு அது நிமிஷக் கணக்கு. ஏழு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் அரை நாள் வெட்டிவிடுவார் என்பதால் 'ஒரு நிமிஷம் எபினேசர்' என்று அவர் முதுகுக்குப் பின்னால் பெயர். அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டைம் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. சி ஷிப்ட் ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை ஏழு மணிக்கு முடியும். நடுவில் பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறிவிடுகிறது. ஆனால் ரிஜிஸ்டரில் மாறாது. பதினாலாம் தேதி ராத்திரி ஏறியவன் பதினைந்தாம் தேதி காலை இறங்கினாலும் அவன் கணக்கு பதினாலுதான். இருபத்திரண்டு வருஷமாக எபினேசர் அப்படியே எழுதி எழுதி, பொழுது விடிந்தால்தான் அடுத்த தேதி என்று அவர் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிற நேரத்தில் அவர் மனைவி ஹெலன் ஒரே ஒரு ஆசை சொன்னாள். ஒரு தடவை ஏரோப்ளேனில் ஏற வேண்டும். ஹெலன் பக்கத்து மெட்ரிகுலேஷன் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். கல்யாணத்துக்குப் பிறகு அவள் போன தூரமான ஊர் வேளாங்கண்ணி. மகள் ஷைனி வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எபினேசர் யோசித்தார். மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்று கேள்விப்பட்டதும் முடிவு செய்துவிட்டார். ஆகஸ்ட் பதினைந்து வெள்ளிக்கிழமை வருகிறது. முன்னும் பின்னும் லீவு போட்டால் போதும்.

ஏஜென்ட் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்க்கவும் செய்தார். ஏற்கெனவே வெளிநாடு போய் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, எங்கே சறுக்கினீர்கள் என்று கேட்டு ஒரு டைரியில் எழுதிக்கொண்டார். சர்ச்சில் எட்வர்ட் என்பவருக்குப் பாஸ்போர்ட் முடிய ஆறு மாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து மாதமே இருந்ததால் சென்னையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மதன் கம்பெனி ட்ரெயினிங்குக்கு சிங்கப்பூர் போனபோது பேங்கில் சொல்லாமல் போனதால் கார்டு வேலை செய்யவில்லை. இம்மானுவேல் என்கிற சூப்பர்வைசர் எடை கூடிப்போய் ஏர்போர்ட்டில் மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஏறினார். எபினேசர் ஒன்றையும் விடவில்லை. பாஸ்போர்ட் புதிது. பேங்கில் எழுதிக் கொடுத்தாயிற்று. பெட்டியைக் காயலான் கடைத் தராசில் வைத்து எடை பார்த்தாயிற்று. அந்த ஊர் பிளக்குக்கு அடாப்டர், ரூமில் வெந்நீர் போட கெட்டில், ஹெலனின் பிரஷர் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு, ஹோட்டல் விலாசம் இரண்டு பிரதி. ஹோட்டல் பதினைந்தாம் தேதி காலையிலிருந்து. அங்கே இறங்குவதற்கு முன் நிரப்ப வேண்டிய படிவத்திலும் வந்து சேரும் நாள் பதினைந்து.

டிக்கெட்டில் மட்டும் பதினாலாம் தேதி 00.25 என்று இருந்தது. போய் இறங்குவது 07.15, அதற்கும் பதினாலுதான். எபினேசர் அதைப் பலமுறை பார்த்தார். பார்த்த ஒவ்வொரு தடவையும் அது அவருக்கு சி ஷிப்டாகத்தான் தெரிந்தது. பதினாலு ராத்திரி ஏறுகிறோம், பொழுது விடிந்து ஏழேகாலுக்கு இறங்குகிறோம். புதன்கிழமை போனுக்கு விமானக் கம்பெனியிலிருந்து இரண்டு மெசேஜ் வந்தன. இவன்கள் ஒரு நாள் முன்னாடியே அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயந்திரம் தெருவே வந்து வழியனுப்பியது. மதனின் மனைவி பானு வாசலில் இருக்கும் நாலு தொட்டிச் செடிக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். மதனின் அம்மா தாயாரம்மாள் தைலம் வாங்கி வரச் சொன்னார். முந்தின ஞாயிற்றுக்கிழமையே சர்ச்சில் போதகர் இவர்கள் பெயரைச் சொல்லி ஜெபித்திருந்தார். கம்பெனியில் எபினேசருக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தலையணை ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஏர்போர்ட் வாசலில் கார் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

கேட்டில் நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். இந்த விமானம் நேற்று ராத்திரியே போய்விட்டது என்றார். எபினேசர் அவருக்கு விளக்கினார். பதினாலாம் தேதி ராத்திரி பன்னிரண்டு இருபத்தைந்து, இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்று. பின்னால் வரிசை நீண்டது. காவலர் பொறுமையான ஆள்தான். தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, பன்னிரண்டு மணியானால் பதினைந்து ஆகிவிடும் சார் என்றார். அதை அவர் சொன்ன பிறகுதான் எபினேசர் டிக்கெட்டை வாங்கி மறுபடி படித்தார். விமானக் கம்பெனியின் ஜன்னலில் விசாரித்தார். அந்த டிக்கெட்டுக்கு இனி ஒன்றும் கிடையாது, லீவு நாள் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வரை இடமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஹெலன் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் புதுச் சேலையோடு நின்றிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் போய்க்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை.

"ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு போறது?"

"கீற மூஞ்சத்தான்."

அவரால் முடியவில்லை. தெரு, சர்ச், கம்பெனி என்று ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்தது. டைரியோடு போய் அடுத்தவன் சறுக்கினதையெல்லாம் கேட்டு எழுதின மனுஷன். அங்கே இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு வழி கண்டுபிடித்தார். விடிவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். முன்கதவில் பூட்டு தொங்குகிறது, தொங்கட்டும். பக்கச் சந்து வழியாகப் பின்கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம். திங்கட்கிழமை ராத்திரி வரை சத்தமில்லாமல் இருந்துவிட்டு, அப்போதுதான் ஊரிலிருந்து வந்த மாதிரி பெட்டியோடு முன்வாசலில் வந்து நின்றால் ஆயிற்று. ஹெலன் வேண்டாம் என்றாள். மூன்று தடவை சொன்னாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து பெட்டியைத் தள்ளினாள்.

சென்ட்ரலிலிருந்து முதல் புறநகர் ரயிலைப் பிடித்தார்கள். இருட்டு பிரிவதற்குள் சந்து வழியாக வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். பெட்டியின் சக்கரம் சத்தம் போடும் என்பதால் எபினேசர் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்படித்தான் அவர்களுடைய வெளிநாட்டுப் பயணம் ஆரம்பித்தது.

வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். ஜன்னலெல்லாம் சாத்தி, திரை இழுத்துவிட்டாயிற்று. விளக்கு போடக்கூடாது. ஃபேன் ஒன்றாம் நம்பருக்கு மேல் போகக்கூடாது, கடகட என்று ஆடும். மோட்டார் போடக்கூடாது, டேங்க்கில் இருக்கிற தண்ணீரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். குக்கர் விசில் கூடாது. தாளிக்கக்கூடாது, வாசனை தெருவுக்குப் போகும். எபினேசர் இந்தச் சட்டங்களையெல்லாம் குசுகுசுப்பாகச் சொன்னார். ஹெலன் கேட்டுக்கொண்டாள். நல்லவேளையாக நாலு நாளுக்கு வேண்டியதெல்லாம் பெட்டியில் இருந்தது. புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, முறுக்கு, வெந்நீர் ஊற்றினால் ஆகிற உப்புமா, காப்பித்தூள் பாக்கெட். கெட்டிலை அடாப்டர் இல்லாமலே சமையலறை பிளக்கில் சொருகினாள். கோலாலம்பூர் ஹோட்டல் ரூமில் சாப்பிட வேண்டிய உப்புமாவைத் தன் வீட்டுத் தரையில் இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூட மைக்கில் கொடியேற்றம் கேட்டது. ஹெலன் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிற நேரம். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பத்து மணிக்கு ஷைனி மெசேஜ் போட்டாள், போய்ச் சேர்ந்துவிட்டீர்களா என்று. ஹெலன் போனை எபினேசர் மடியில் போட்டுவிட்டு, மகளிடம் பொய் சொல்வதானால் நீங்களே சொல்லுங்கள் என்று உள் அறைக்குப் போய்விட்டாள். அவர் 'ரீச்டு' என்று ஒரு வார்த்தை அனுப்பினார். போட்டோ கேட்டாள். நெட் சரியில்லை என்று அனுப்பினார். அந்த இரண்டாவது மெசேஜை அனுப்பும்போது அவருக்கு வியர்த்தது.

சாயந்திரம் பானு செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தாள். ஊற்றிவிட்டுப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஊத்துக்கோட்டையில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டாள். எபினேசர் அப்போது முன் அறை ஜன்னலுக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். அவருக்கும் பானுவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எழுந்தால் நாற்காலி தரையில் உரசும். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் திங்கட்கிழமை தனக்கு இன்டர்வியூ என்று பானு அக்காவிடம் சொன்னாள். மதனுக்குத் தெரியாது. மாமியார் தாயாரம்மாளுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகும். பி.எஸ்சி. படித்துவிட்டு ஆறு வருஷமாக அடுப்படியில் இருக்கிறேன், ஷிப்டுக்குப் போகிற மருமகள் இந்த வீட்டுக்கு வேண்டாம் என்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு போன் பேசக்கூட இடமில்லை, எபினேசர் சார் வீடு நாலு நாள் பூட்டிக் கிடக்கிறது, இந்தப் படியில் உட்கார்ந்துதான் மூச்சு விடுகிறேன் என்றாள். அப்புறம் கொஞ்சம் அழுதாள். சுவருக்கு இந்தப் பக்கம் எபினேசர் கையை மடியில் கோத்துக்கொண்டு, இருமல் வந்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் அவள் போகவில்லை.

சனிக்கிழமை பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட்டை எடுத்தார்கள். ஆகஸ்ட் புழுக்கம், சாத்தின ஜன்னல். சுவரே வேர்த்தது. கெட்டிலும் கிடையாது என்பதால் முறுக்கையும் தண்ணீரையும் வைத்து மத்தியானத்தை ஓட்டினார்கள். ஹெலன் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். கழுத்துத் தலையணையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வெளியே மதன் குரல் கேட்டது. கூட இன்னொரு குரல். அது பரசுராமன் என்று எபினேசருக்கு உடனே தெரிந்துவிட்டது. அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன். கரண்ட் இல்லாததால் மர நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். டைம் ஆபீஸில் இந்த மூன்று நாளாக ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருக்கிறான், ரெண்டு நிமிஷம் லேட்டானால் சிரித்துவிட்டு விடுகிறான் என்று பரசுராமன் சொன்னான்.

"அவுரு அங்கியே ஒரு மாசம் இருந்துட்டு வந்தார்னா எங்களுக்கு நிம்மதி. ரொம்ப பேஜாருண்ணே அந்த மனுசனோட."

மதன் சிரித்தான். ரெண்டு பேருமே வன்மமாகப் பேசவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்கள். அதுதான் எபினேசருக்கு உறைத்தது.

அவருக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் பரசுராமனை ஓவர்டைமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாம் தேதி ராத்திரி பன்னிரண்டரை மணி என்று சீட்டு. அவன் ரெண்டாம் தேதி ராத்திரியே வந்து கேட்டில் நின்றான். பன்னிரண்டு அடித்தால் மூன்றாம் தேதி தானே சார் என்றான். எபினேசர் சிரித்தார். தேதிகூடத் தெரியாதா உனக்கு, சி ஷிப்ட் கணக்கு நாளைக்கு ராத்திரி என்று திருப்பி அனுப்பினார். நாலு பேர் முன்னால் சொன்னார். மறுநாள் அவன் வரவில்லை. ஆப்சென்ட் போட்டார். அந்த மாசம் வருகைப் போனஸ் அவனுக்குப் போயிற்று.

எபினேசர் புழுக்கத்தில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பி நினைத்தார். ஏர்போர்ட் கேட்டில் அந்தக் காவலர் காட்டிய கணக்கைத்தான் பரசுராமன் அன்றைக்குச் சொல்லியிருக்கிறான். உலகம் பூராவும் அந்தக் கணக்குத்தான். வேறு கணக்கு இருந்தது கம்பெனிக்குள்ளே மட்டும். ஹெலனிடம் சொல்லலாமா என்று பார்த்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் மைக் கேட்க ஆரம்பித்தது. சர்ச் அடுத்த தெருதான். பாட்டு முடிந்து ஜெபம் வந்தது. நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, மழைக்காக. அதற்கப்புறம் போதகரின் குரல் தெளிவாக வந்தது. கடல் கடந்து பயணம் போயிருக்கிற சகோதரர் எபினேசரையும் சகோதரி ஹெலனையும் அந்நிய தேசத்தில் ஒரு தீங்கும் அணுகாமல் காத்து, பத்திரமாகத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். சபை முழுக்க ஆமென் என்றது.

ஹெலன் எழுந்தாள். ஃபேனை ஐந்தில் வைத்தாள். சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டு, கெட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி சுவிட்சைத் தட்டினாள். எபினேசர் பின்னாலேயே போய் விளக்கை அணைத்தார். அவள் மறுபடி போட்டாள்.

"இன்னும் ஒரு நாள்தான், ஹெலன். நாளைக்கு ராத்திரி முடிஞ்சுரும்."

"ஜெபத்துலகூட போதகர பொய் சொல்ல வெச்சிட்டோம்" என்றாள். "என்னால முடியாதுங்க. குளிக்கப் போறேன், வெந்நீ வேணும்."

அந்த நேரத்தில்தான் பானு வாசலுக்கு வந்திருந்தாள். மறுநாள் இன்டர்வியூவுக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஃபைலோடு கிளம்ப முடியாது. அதனால் சர்டிபிகேட் ஃபைலை முந்தின நாளே எபினேசர் வீட்டு மீட்டர் பெட்டிக்கு மேல் ஒளித்து வைத்துவிடலாம் என்று முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தாள். வைக்கும்போது மீட்டரில் சிவப்பு விளக்கு படபடவென்று துடிப்பதைப் பார்த்தாள். ஆள் இல்லாத வீட்டில் இப்படி ஓடக்கூடாது, எதையோ அணைக்காமல் போயிருக்கிறார்கள், தீப்பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து ஹெலனுக்குப் போன் போட்டாள்.

போன் சமையலறை மேடையில் இருந்தது. உள்ளே மணி அடித்தது. எபினேசர் பாய்ந்து எடுத்துக் கட் பண்ணினார்.

அப்படிக் கட் பண்ணினதில்தான் எல்லாம் முடிந்துபோயிற்று. மறந்துவிட்டுப் போன போன் தானாகக் கட் ஆகாது. வெளியே சத்தமில்லை. உள்ளேயும் சத்தமில்லை. கெட்டில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா?" என்றாள் பானு, ஜன்னல் பக்கம்.

ஹெலன் கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஹெலன் ஜன்னலைத் திறந்தாள்.

"நாந்தான் பானு. பயந்துக்காத. இந்தா சாவி, பூட்டத் தொற."

எபினேசர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அங்கிருந்தே எல்லாவற்றையும் கேட்டார். ஹெலன் நடந்ததை ஐந்தே நிமிஷத்தில் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, மறைக்கவில்லை. பானு சிரிப்பாள் என்று அவர் காத்திருந்தார். பானு சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்போ முந்தாநேத்து நான் போன்ல பேசுனது?"

"கேட்டுச்சு."

"எல்லாமா?"

"அவுரு ஜன்னலாண்ட இருந்தாரு. எந்திரிக்க முடியல. முழுக்கக் கேட்டுச்சு."

பானு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வளையல் சத்தத்தில் அது தெரிந்தது. பூட்டின வீடு என்று நம்பித்தானே அக்கா அழுதேன் என்றாள். எபினேசருக்கு ஏர்போர்ட் வாசலில்கூட இவ்வளவு வெட்கமாக இருக்கவில்லை. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒளிந்தது போக, ஒரு பெண்பிள்ளை மூச்சுவிட வைத்திருந்த இடத்தையும் பிடுங்கியாயிற்று. தாழைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மூன்று நாள் தாடி, பனியன், கைலி. பானு அவரைப் பார்க்காமல் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒருத்தரிடமும் சொல்லமாட்டேன் சார், நீங்கள் நாளை ராத்திரியே வாருங்கள் என்று அவளாகவே சொன்னாள். ஒரு கணம் எபினேசருக்கு அது பெரிய விடுதலைபோல இருந்தது. ஹெலன் அதற்குள் பெட்டியைத் திறந்து ஏர்போர்ட்டுக்குக் கட்டிப் போன அதே சேலையை எடுத்துவிட்டாள். குளித்து, கட்டிக்கொண்டு, பைபிளை எடுத்தாள். முன்கதவு வழியாக வெளியே இறங்கி, பத்தரை மணி வெயிலில் சர்ச்சுக்கு நடந்தாள். தெருவில் ரெண்டு பேர் பார்த்து நின்றுவிட்டார்கள் என்று பானு எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

அரை மணி நேரத்தில் மைக்கில் போதகர், நம் சகோதரரின் பயணம் தடைபட்டது, ஆனாலும் பத்திரமாக வீட்டில் சேர்க்கும்படி கேட்டோம், கர்த்தர் முன்கூட்டியே சேர்த்துவிட்டார் என்றார். சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்புதான். எபினேசர் அதை முன் அறை நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்க வந்துவிட்டது. அவர் பயந்த மாதிரி யாரும் கேலி செய்யவில்லை. அதைவிடக் கஷ்டமாக, எல்லோரும் புத்தி சொன்னார்கள். எட்வர்ட் பாஸ்போர்ட் கதையை மறுபடி சொன்னார். ராத்திரி டிக்கெட்டே எடுக்கக்கூடாது என்றார் ஒருவர். ஏஜென்ட்டிடம் போயிருக்கலாமே என்றார் இன்னொருவர். தாயாரம்மாள் மட்டும், அப்ப தைலம் இல்லியா நைனா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். ராத்திரி ஷைனிக்கு அவரே போன் போட்டார். அவள் சிரித்தாள், கடைசியில் 'நெட் சரியில்லையாப்பா?' என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு முன்னால், சாயந்திரம், பரசுராமன் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. குத்திக் காட்ட வந்திருக்கிறான் என்று எபினேசர் நினைத்தார். அவன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டான்.

"அப்ப பன்னெண்டு இருவத்தஞ்சுன்னா, ஏரோப்ளேன்காரன் எந்த நாள் கணக்குல வெக்கிறான் சார்?"

"நீ வெச்ச கணக்குலதான்" என்றார் எபினேசர். "அன்னிக்கு நீதான் சரி, பரசு. நான் உன்ன அப்படிப் பேசியிருக்கக்கூடாது."

பரசுராமன் காலால் மண்ணைக் கொஞ்ச நேரம் கீறினான். ரிஜிஸ்டர் எப்போதோ மூடிப்போன விஷயம். போனஸ் வராது என்று ரெண்டு பேருக்கும் தெரியும். வர்றேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறமும் அவன் எபினேசரோடு நெருங்கிப் பழகவில்லை. வணக்கம் மட்டும் வைப்பான்.

அன்று ராத்திரி பானு தன் வீட்டில் தானே சொல்லிவிட்டாள். சண்டை தெருக்கோடி வரை கேட்டது. மறுநாள் காலை ஃபைலை ஒளிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பியபோது எபினேசர் வாசலில் நின்றிருந்தார்.

"ஒம்போதுன்னா எட்டே முக்காலுக்கு நிக்கணும்மா. கேட்டுல பேரு எழுதவே நேரமாவும்" என்றார்.

அந்தத் தடவை அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. மூன்று மாசம் கழித்து அதே இடத்தில் வேறொரு கம்பெனியில் கிடைத்தது. இப்போது காலை ஆறு பத்துக்கு மெயின் ரோட்டில் பஸ் ஏறுகிறாள். தாயாரம்மாள் அவளோடு பேசுவதும் பேசாததுமாக இருக்கிறார்.

எபினேசர் செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனார். ஒரு வாரம் கேன்டீனில் அவர் வந்தால் பேச்சு நின்றது, அப்புறம் நிற்கவில்லை. ஏழு மணிக்கு மேல் வந்தவர்களுக்கு இன்னும் அரை நாள் வெட்டத்தான் செய்கிறார். அதில் மாற்றமில்லை. ஆனால் சி ஷிப்ட் ஓவர்டைம் சீட்டில் வெறும் தேதியைப் போடுவதில்லை. 'புதன் ராத்திரி, விடிந்தால் வியாழன்' என்று முழுசாக எழுதுகிறார். வெளிநாடு போகிறவர்கள் டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினால் பாஸ்போர்ட், பேங்க், எடை எல்லாம் அப்புறம்தான். முதலில் ஒரே கேள்வி கேட்கிறார்: வீட்டில் எந்த நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறாய்?

அடுத்த மே மாதம் ஹெலன் ஷைனியோடு மூன்று நாள் கொழும்புக்குப் போனாள். எபினேசருக்கு லீவு மிச்சமில்லை. நீங்களும் வாங்க என்று ஹெலன் ஒரு தடவை சொன்னாள், ரெண்டாவது தடவை சொல்லவில்லை. ரெண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவள் போன் வந்தது. ஏ ஷிப்ட் விடுகிற நேரம். கேட்டில் முந்நூறு பேர் வரிசையில் கார்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடற்கரையில் நிற்கிறோம், அலைச் சத்தம் கேக்குதா என்று ஹெலன் போனைக் கடல் பக்கமாக நீட்டினாள். பஞ்சிங் மெஷின் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பீப் போட்டுக்கொண்டிருந்ததில் எபினேசருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்குது, கேக்குது" என்றார்.